காலநிலை ஒப்பந்தங்கள்: நெல்லைச் சீமையிலிருந்து ஒரு கணக்கு

பூமி சூடாவதைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் 2015-இல் செய்துகொண்ட பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா 2020 நவம்பர் 4 அன்று விலகியது. 2021 பிப்ரவரி 19 அன்று திரும்ப உள்ளே வந்தது. 2025 ஜனவரியில் மறுபடியும் விலகல் கடிதம் கொடுத்தது. இந்தச் செய்தி வரும்போதெல்லாம் பாளையங்கோட்டையிலும் வள்ளியூரிலும் எழுகிற கேள்வி ஒன்றுதான்: "புகையை அதிகமா விட்டவனே வெளியே போயிட்டான், நாம எதுக்கு உள்ள கெடக்கணும்?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1850 முதல் இன்றுவரை நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து உலகம் வெளியேற்றிய கரியமில வாயுவில் ஏறத்தாழ கால்பங்கு அமெரிக்காவுடையது. இந்தியாவின் பங்கு 5 சதவீதத்துக்கும் கீழே. ஆளுக்கு ஆள் பார்த்தால், ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சுமார் 14 டன், நம்மவர் சுமார் 2 டன்.

ஆனாலும் உள்ளே இருக்கத்தான் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெளியே நிற்பதால் எந்த நாடும் விதிகளிலிருந்து தப்புவதில்லை. விதியை எழுதுகிற மேசையில் தனக்கு இருந்த நாற்காலியை இழப்பதுதான் மிச்சம். அதற்காக எல்லா ஒப்பந்தத்திலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம் என்றும் சொல்லமாட்டேன். ஒவ்வொன்றிலும் மூன்று விஷயங்களைத் தேட வேண்டும்: செலவு யார் தலையில், அளப்பது யார், சொன்னதைச் செய்யாவிட்டால் என்ன நடக்கும். இந்த மூன்றும் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வேறுபடுகின்றன. விளைவுகளும் அதற்கேற்பத்தான் இருந்திருக்கின்றன.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். உச்சியில் கோடைமேலழகியான், கடைசியில் ஸ்ரீவைகுண்டம். பாபநாசத்தில் தண்ணீர் குறைந்த ஆண்டில் மேலே உள்ள கால்வாய்க்காரர் ஷட்டரை இறக்காவிட்டால் கடைமடை காய்கிறது. அதற்காகக் கீழே உள்ளவர்கள் முறை வைத்துப் பாய்ச்சுவதையே விட்டுவிட்டால் எல்லாருக்கும்தான் இழப்பு. பெரியவன் ஒருவன் முறை மீறுகிறான் என்பது முறையை இன்னும் இறுக்கக் காரணம் ஆகுமே தவிர, கலைக்கக் காரணம் ஆகாது. காற்று மண்டலமும் எல்லாருக்கும் பொதுவான ஒரே ஓட்டம்தான்.

நன்றாக வேலை செய்த ஒப்பந்தத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஓசோன் படலத்தைக் காக்க 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியலில் உருவானது அது. ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் ஓடிய சி.எஃப்.சி. வாயுக்களைப் படிப்படியாக நிறுத்துவது அதன் வேலை. இந்தியா உடனே சேரவில்லை. சீனாவும் இந்தியாவும் வெளியே நின்று, மாற்றுத் தொழில்நுட்பத்துக்கும் ஆலைகளை மாற்றுவதற்கும் பணம் வேண்டும் என்று பேரம் பேசின. 1990-இல் லண்டனில் அதற்கென்று பலதரப்பு நிதி உருவானது. 1992-இல் இந்தியா சேர்ந்தது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்: பேரம், நிதி, பிறகு கையெழுத்து. ஒப்பந்தத்தில் இன்னொரு கொக்கியும் இருந்தது. உறுப்பினர் அல்லாத நாட்டோடு அந்த வாயுக்களை வாங்கவோ விற்கவோ கூடாது. வெளியே நின்றால் சரக்கே கிடைக்காது. இன்று 198 தரப்புகள் அதில் இருக்கின்றன. வெளியே யாரும் இல்லை.

அதன் அடுத்த கட்டம் 2016-இல் ருவாண்டாவின் கிகாலியில் எழுதப்பட்ட திருத்தம். ஓசோனைக் கெடுக்காத, ஆனால் பூமியைச் சூடாக்குகிற எச்.எஃப்.சி. வாயுக்களைக் குறைப்பது பற்றியது. இந்தியா 2021-இல் அதை ஏற்றது. 2028-இல் பயன்பாடு ஓர் அடிப்படை அளவோடு நிற்க வேண்டும், அதற்கு மேல் ஏறக் கூடாது; அந்த அளவிலிருந்து 2032-இல் 10, 2037-இல் 20, 2042-இல் 30, 2047-இல் 85 சதவீதம் குறைய வேண்டும்.

இது டெல்லியில் எழுதுகிற கணக்கு மட்டும் இல்லை, திருநெல்வேலி சந்திப்பில் ஏசி பழுதுபார்க்கும் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. ஏசியில் ஓடும் ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ காற்றில் போனால் அது 2 டன்னுக்கு மேல் கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-32 என்றால் ஏறத்தாழ முக்கால் டன்னுக்குள். புது ஃபிரிட்ஜ்களில் வரும் ஆர்-600ஏ ஒரு கிலோ என்றால் வெறும் 3 கிலோ. அதுவும் ஒரு ஃபிரிட்ஜில் 50 கிராம் அளவில்தான் இருக்கும். தப்பு நடக்கிற இடமும் நமக்குத் தெரிந்ததுதான். உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி பக்கம் கடற்காற்றின் உப்பு வெளி யூனிட்டின் காயிலை அரித்துவிடும். கசிவைத் தேடாமல் ஒவ்வொரு கோடையிலும் "கேஸ் அடித்து"விட்டுப் போவார்கள். அடித்தது முழுக்க அடுத்த கோடைக்குள் காற்றில் கலந்திருக்கும். செய்ய வேண்டியது இது: நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, ஃபிளேர் நட் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது, கசிவை அடைப்பது, வாக்குவம் பம்பை ஓட்டி நிறுத்தி, முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்ப்பது, லேபிளில் போட்டிருக்கும் எடையைத் தராசில் நிறுத்து ஏற்றுவது. அழுத்தத்தைப் பார்த்து மனக்கணக்கில் ஏற்றினால் கூடுதலாகவோ குறைவாகவோதான் போகும். ஆர்-32-உம் ஆர்-600ஏ-வும் தீப்பிடிக்கக்கூடியவை என்பதால் மூடிய அறையில் பற்றவைப்புக்கு முன் காற்றோட்டம் கட்டாயம். கிகாலிக் கையெழுத்துக்குப் பொருள் வேண்டுமானால் இந்தப் பயிற்சியும் தராசும் வாக்குவம் பம்பும் கடைசிக் கடை வரை வர வேண்டும். அந்தச் செலவைக் கேட்டு வாங்கும் உரிமை உறுப்பினர் நாட்டுக்குத்தான் உண்டு.

அடுத்தது, பூமி சூடாவதைத் தடுக்க எழுதிய கியோட்டோ ஒப்பந்தம். 1997 டிசம்பரில் ஏற்கப்பட்டு 2005 பிப்ரவரி 16 அன்று நடைமுறைக்கு வந்தது. பணக்கார நாடுகளுக்கு மட்டும் கட்டாய இலக்கு; இந்தியா போன்றவற்றுக்கு இல்லை. இலக்கைத் தவறவிட்டால், தவறிய அளவை 1.3 மடங்காக அடுத்த காலகட்டத்தில் ஈடுகட்ட வேண்டும். எழுத்தில் கடுமையான தண்டனை. நடந்தது என்ன? அமெரிக்கா ஒப்புதல் தரவே இல்லை. கனடா 2011 டிசம்பரில் விலகுவதாக அறிவித்தது. விலகிப் போகிறவனைப் பிடித்து நிறுத்த அதில் ஒன்றும் இல்லை.

ஆனால் கியோட்டோவின் ஒரு பிரிவு பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் வட்டாரத்துக்கு நேரடியாகப் பணம் கொண்டுவந்தது. 12-ஆவது பிரிவின் தூய்மை வளர்ச்சி முறை, சி.டி.எம். என்று தொழில்காரர்கள் சொல்வது. ஏழை நாட்டில் ஒரு டன் கரியமில வாயுவைத் தவிர்த்தால் ஒரு சான்றுப் பத்திரம். அதைப் பணக்கார நாடு வாங்கித் தன் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டின் காற்றாலைகள் பல இதில் பதிவாயின. நூற்பாலைக்காரர்கள் தங்கள் காத்தாடிகளைச் சங்கத்தின் வழியாகத் தொகுத்தே பதிந்தார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1 மெகாவாட் காத்தாடி, ஆண்டின் 8,760 மணி நேரத்தில் 25 சதவீதத் திறனில் ஓடினால் 2,190 மெகாவாட் மணி. அந்த மின்சாரம் பொது மின்கட்டமைப்பான கிரிட்டில் எவ்வளவு நிலக்கரிப் புகையைத் தள்ளிவைத்தது என்பதற்கு ஒரு குணகம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் நிலையங்களின் சராசரிக்கு 75 பங்கும், புதிதாகக் கட்டப்பட்ட நிலையங்களின் சராசரிக்கு 25 பங்கும் சேர்த்து அதை எடுப்பார்கள். தோராயமாக ஒரு மெகாவாட் மணிக்கு 0.9 டன் என்று வைத்தால் 1,970 டன், அதாவது 1,970 பத்திரம். டன்னுக்கு 15 யூரோ என்றால் ஆண்டுக்கு 29,000 யூரோவுக்கு மேல். கடன் வட்டியில் ஒரு நல்ல பகுதியை அது அடைத்துவிடும். 2012 முடிவில் விலை ஒரு யூரோவுக்கும் கீழே போனது. அரை யூரோ என்றால் 985 யூரோ. சரிபார்க்க வரும் தணிக்கை நிறுவனத்தின் கட்டணத்துக்கே அது காணாது. பதிவு செய்திருந்தும் பத்திரம் எடுக்காமல் விட்டவர்கள் அதனால்தான் விட்டார்கள்.

விலை ஏன் சரிந்தது? வாங்குபவர் ஏறத்தாழ ஐரோப்பா மட்டும். விற்பவர் உலகம் முழுக்க. ஐரோப்பாவில் பொருளாதாரம் படுத்ததும் தேவை குறைந்தது. கூடவே ஒரு பெரிய ஓட்டை. குளிரூட்டி வாயு ஆர்-22 தயாரிக்கும்போது எச்.எஃப்.சி.-23 என்ற கழிவு வாயு வரும். அதன் ஒரு டன் அன்றைய கணக்கில் 11,700 டன் கரியமில வாயுவுக்குச் சமம். அதை எரித்து அழிப்பதற்கு ஆகும் செலவு சொற்பம், கிடைக்கும் பத்திரமோ மலையளவு. முதன்மைப் பொருளைவிடக் கழிவே லாபம் தந்தது. இப்படி வந்த பத்திரங்களை ஐரோப்பா 2013-இல் தடை செய்தது. நேர்மையாக ஓடிய காத்தாடியும் இந்த ஆலைகளோடு ஒரே சந்தையில் நின்றதால் ஒரே விலைச் சரிவில் மாட்டியது. இன்னொரு குறை, இந்தப் பணம் இல்லாவிட்டால் திட்டமே வந்திருக்காது என்று நிரூபிக்கச் சொன்ன விதி. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் காற்றுக்கு முதலீடு எப்படியும் வந்திருக்கும் என்ற வாதத்தை எளிதில் தள்ள முடியாது.

இருந்தும் கியோட்டோ வீண் என்று சொல்ல மாட்டேன். காத்தாடி மீட்டரின் கணக்கை எழுதி, வெளித் தணிக்கையாளர் முன் வைக்கும் பழக்கம் அதனால் வந்தது. அதற்கு முன்பே கயத்தாற்றில் காற்றாலைச் சோதனை நிலையம் டென்மார்க்கின் உதவியோடு அமைந்தது. வேறு நாட்டின் அறிவும் பணமும் இந்தச் சீமைக்கு வந்த பாதை கூட்டுறவுப் பாதைதான்.

பாரிஸ் ஒப்பந்தம், 2015 டிசம்பர் 12, கியோட்டோவுக்கு நேர் எதிர். எல்லா நாட்டுக்கும் இலக்கு உண்டு, ஆனால் இலக்கை அந்தந்த நாடே எழுதிக்கொள்கிறது. தவறினால் தண்டனை இல்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை முந்தையதைவிடக் கூடுதலான இலக்கைத் தர வேண்டும். அளவுக் கணக்கை வெளியிட வேண்டும். இந்தியா 2016 அக்டோபர் 2 அன்று ஒப்புதல் தந்தது. 2022-இல் திருத்திய இலக்குப்படி, 2005-ஐ ஒப்பிட 2030-க்குள் உற்பத்தி மதிப்பு ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆகும் வெளியேற்றம் 45 சதவீதம் குறைய வேண்டும். மின்நிலையத் திறனில் 50 சதவீதம் நிலக்கரி, எரிவாயு அல்லாததாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவது இலக்கை 2025 ஜூனிலேயே எட்டிவிட்டோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. திறன் வேறு, ஓடிய மின்சாரம் வேறு. கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் அணு உலை 80 சதவீதத்தில் ஓடினால் ஆண்டுக்கு 700 கோடி யூனிட். அதே 1,000 மெகாவாட் சூரிய மின்பலகை 20 சதவீதத்தில் 175 கோடி யூனிட். காத்தாடியோ மே முதல் செப்டம்பர் வரை சுழன்று தள்ளிவிட்டு, மற்ற மாதங்களில் பெரும்பாலும் நின்று பார்க்கும். ஆகவே திறனில் பாதி தாண்டிய நாட்டில் ஓடிய மின்சாரத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் இன்னும் நிலக்கரிதான். ஆடி மாதத்தில் காற்று உச்சத்தில் இருக்கும்போது மின்தடம் தாங்காமல் காத்தாடியை நிறுத்தச் சொல்வதும் நடக்கிறது. இலக்கைத் திறனில் எழுதினால் இந்த இழப்பு எந்த அறிக்கையிலும் தெரியாது. அடுத்த முறை யூனிட்டில் எழுத வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

ஆனாலும் நீண்டகால இலக்கு என்று ஒன்று எழுத்தில் இருப்பதற்குத் தனி மதிப்பு உண்டு. 10, 20 ஆண்டுக் கடன் கொடுக்கும் வங்கி அதைத்தான் பார்க்கிறது. கங்கைகொண்டான் சிப்காட்டில் 4.3 கிகாவாட் அளவுக்கு சூரிய மின்செல்களும் மின்பலகைகளும் செய்யும் ஆலை வந்திருக்கிறது. ஓராண்டுக் கொள்கையை நம்பி யாரும் அவ்வளவு பெரிய ஆலை கட்ட மாட்டார்கள்.

தாழையூத்துக்கு வருவோம். 1949 முதல் சிமென்ட் செய்யும் ஊர். சிமென்டின் சிக்கல் என்னவென்றால், அடுப்பை முழுக்க சூரிய மின்சாரத்தில் எரித்தாலும் புகை நிற்காது. சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பும் 44 கிலோ கரியமில வாயுவும் வரும், அது வேதியியல். சிமென்டாக அரைப்பதற்கு முந்தைய சுட்ட கட்டியான கிளிங்கர் ஒரு டன்னுக்குக் கல்லிலிருந்து மட்டும் அரை டன்னுக்கு மேல் போகிறது. எரிபொருள் தனி. குறைக்க முதல் வழி கிளிங்கரின் பங்கைக் குறைப்பது: அனல்மின் நிலையச் சாம்பலை 35 சதவீதம் வரை கலக்க இந்தியத் தரம் அனுமதிக்கிறது. ஆனால் நிலக்கரி நிலையங்கள் மூடப்படும் நாளில் சாம்பலும் குறையும். சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் கலக்கும் சிமென்டுக்கு இப்போதே தயாராக வேண்டியிருப்பது அதனால்தான்.

இதில் ஒப்பந்தம் எங்கே வருகிறது? ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி 1 முதல் இறக்குமதிப் பொருளைச் செய்யும்போது வந்த கரியமில வாயுவைக் கணக்கிட்டு எல்லையில் வாங்கும் கார்பன் வரியை நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. சிமென்ட், இரும்பு, அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை அதன் பட்டியலில். நம் சிமென்ட் பெரும்பாலும் உள்ளூரிலேயே தீர்கிறது. அடிபடுவது இந்திய இரும்பும் அலுமினியமும். ஆலையின் உண்மையான அளவைத் தராவிட்டால் அவர்கள் வைத்திருக்கும் பொது மதிப்பு பொருந்தும். அது பெரும்பாலும் கூடுதல். பாரிஸில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வரி உண்டு. இது நியாயமில்லை என்று இந்தியா ஐ.நா. காலநிலை மாநாடுகளில் வாதாடுகிறது, வாதாட இடம் இருப்பதால். சொந்த நாட்டில் கட்டிய கார்பன் விலையை அந்த வரியில் கழித்துக்கொள்ளலாம் என்ற விதியும் உண்டு. இந்தியா 2023-இல் தன் கார்பன் வர்த்தகத் திட்டத்தை அறிவித்து, 2025 அக்டோபரில் சிமென்ட், அலுமினியம் உள்ளிட்ட துறைகளுக்கு இலக்கு வைத்தது. கொடுத்தே ஆக வேண்டிய பணம் பிரஸ்ஸல்ஸுக்குப் போவதைவிட இங்கேயே தங்கட்டும்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கினார்கள். அந்த ஒரு மழையைக் காலநிலை மாற்றத்தின் கணக்கில் முழுதாக எழுதிவிடுவது சரியில்லை. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும் என்பது மட்டும் உறுதியான இயற்பியல். அந்த மழைக்கு ஏறத்தாழ இரண்டரை வாரத்துக்கு முன், நவம்பர் 30 அன்று, துபாயில் கூடிய ஐ.நா. காலநிலை மாநாட்டின் முதல் நாளில், காலநிலைப் பேரிடரில் அடிபட்ட ஏழை நாடுகளுக்கு உதவும் இழப்பு, சேத நிதி செயல்வடிவம் பெற்றது. நாடுகள் முதலில் வாக்களித்த தொகை சுமார் 70 கோடி டாலர். உலகம் முழுமைக்கும் இது சிறு துளி. 2024-இல் பாகுவில் கூடிய மாநாட்டில், வளரும் நாடுகளுக்கான காலநிலை உதவி 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று முடிவானபோது, தலைவர் சுத்தியல் அடித்த கையோடு இந்தியப் பிரதிநிதி எழுந்து போதாது என்று எதிர்த்தார். எதிர்ப்பால் தொகை மாறவில்லை. ஆனால் அந்த எதிர்ப்பு பதிவாகியிருக்கிறது. அடுத்த பேச்சு அங்கிருந்துதான் தொடங்க முடியும். வெளியே இருந்தால் அதுவும் இல்லை.

இப்போது, இந்தியா சேராத ஒன்று. 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் தொடங்கப்பட்ட உலக மீத்தேன் உறுதிமொழி, பூமியைச் சூடாக்கும் இன்னொரு வாயு பற்றியது: 2020-ஐ ஒப்பிட 2030-க்குள் உலக அளவில் 30 சதவீதக் குறைப்பு. நமக்கு மீத்தேன் வருவது பெரிதும் மாட்டிலிருந்தும் நெல் வயலிலிருந்தும். ஓர் எண்ணெய்க் கிணற்றின் கசிவை அடைப்பதும் சேரன்மகாதேவி விவசாயியின் வயலை வற்றவிடச் சொல்வதும் ஒன்றல்ல. பணம் இல்லாமல் அந்தக் கையெழுத்து வேண்டாம் என்று நின்றது சரிதான். ஆனால் வயலில் செய்யக்கூடியதைச் செய்யாமல் இருக்க அது காரணமாகிவிடக் கூடாது.

நெல் வயலை மாறி மாறி நனைத்து வற்றவிடும் முறை எளிது. 30 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலமுள்ள பிளாஸ்டிக் குழாய். கீழ்ப்பகுதியில் சுற்றிலும் துளைகள். 15 செ.மீ. மண்ணுக்குள் போகும்படி பதித்து, உள்ளே இருக்கும் மண்ணைத் தோண்டி எடுத்துவிட வேண்டும். நட்டு இரண்டு வாரம் கழித்துத் தொடங்கலாம். குழாயில் தண்ணீர் மண் மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே போனதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சுவது, பிறகு மறுபடி வற்றவிடுவது. பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்பும் பின்பும் தண்ணீர் நிற்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பதர் கூடும். யூரியாவை வற்றிய வயலில் போட்டு உடனே பாய்ச்ச வேண்டும். மாறி மாறி ஈரமும் காய்ச்சலும் படும் மண்ணில் தழைச்சத்து, பூமியைச் சூடாக்கும் மற்றொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடாகப் போனால் மீத்தேனில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி கைவிட்டுப் போகும்.

எங்கே தோற்கிறது? பிசானப் பருவத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வயலை யாரும் வற்றவிட முடியாது. தை மாதத்தில்தான் வாய்ப்பு. கார் பருவத்தில், அடுத்த முறைத் தண்ணீர் சொன்ன நாளில் வரும் என்ற நம்பிக்கை இல்லாத விவசாயி வயலை நிரப்பித்தான் வைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. கிணறு இருப்பவருக்கு இது எளிது, கடைமடைக்குக் கடினம். கால்வாய் ஷட்டர் சரியில்லாத இடத்தில் குழாயைக் கொடுத்துப் பயனில்லை.

கார்பன் பணம் தருகிறோம் என்று வருபவர்களிடம் போட்டுக் காட்ட ஒரு கணக்கு. தெற்காசியாவுக்கான பொது மதிப்பில் எப்போதும் நீர் நிற்கும் ஒரு ஹெக்டேர் வயல் நாளுக்கு 0.85 கிலோ மீத்தேன் விடும். 110 நாளில் 94 கிலோ. பலமுறை வற்றவிட்டால் அதில் 45 சதவீதம், சுமார் 42 கிலோ குறையும். ஒரு கிலோ மீத்தேன் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்று 28-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு 1.2 டன், ஏக்கருக்கு அரை டன். டன்னுக்கு 10 டாலர் என்று வைத்தால் ஏக்கருக்கு, ஒரு பருவத்துக்கு, 5 டாலர். அதிலிருந்துதான் அளப்பவர், தணிக்கை செய்பவர், தரகர் எல்லாருக்கும் போக வேண்டும். பாரிஸின் 6-ஆவது பிரிவில் வெளிநாட்டுக்கு விற்ற டன்னை இந்தியா தன் இலக்குக் கணக்கில் சேர்க்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். எளிதில் குறையும் டன்னை மலிவாக விற்றுவிட்டால், கடினமான டன்கள் மட்டும் நம் தலையில் மிஞ்சும். ஆகவே கையெழுத்துக்கு முன் ஒப்பந்தப் பத்திரத்தில் பார்க்க வேண்டியவை: எத்தனை ஆண்டுக்குக் கட்டுப்பாடு, மொத்தத்தில் விவசாயிக்கு எத்தனை சதவீதம், குழாய்க்கும் அளவீட்டுக்கும் யார் செலவு, மழை மிஞ்சி வற்றவிட முடியாத பருவத்துக்கு அபராதம் உண்டா, விலை ஏறினால் ஏற்றத்தில் பங்கு உண்டா.